ஒலிக்கத் தெரிந்த குழந்தை

இங்கிலாந்துப் பள்ளிகளில் இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை, வேறொரு மொழியோடு வளர்ந்து ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பதாகப் பதிவாகியுள்ளது. பஞ்சாபி, உருது, வங்காளம், போலிஷ். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து பெயர்ந்தவர்களின் தமிழும்தான். இவர்களின் எழுத்தறிவுக்கு ‘உதவுவது’ என்கிற சொல்லாடல், இவர்களை ஏற்கெனவே ஒரு மொழி உள்ளவர்களாகப் பார்க்கிறதா, ஆங்கிலம் இல்லாதவர்களாக மட்டும் பார்க்கிறதா?

இரண்டு அரசு அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம். பள்ளி வாசலைத் தாண்டும்போது எந்தக் குழந்தையும் வீட்டு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை என்றது 1975இன் புல்லக் அறிக்கை. பத்தே ஆண்டில், 1985இன் ஸ்வான் அறிக்கை அந்த வாசலில் காவல் போட்டது. தனி மையங்களில் ஒதுக்காமல், எல்லோரோடும் ஒரே வகுப்பில் ஆங்கிலம் கற்கட்டும் என்றது. சரியான பேச்சுதான். ஆனால் தாய்மொழியைப் பேணுவது அந்தந்தச் சமூகத்தின் பாடு என்று அதே கையோடு ஒதுங்கிக்கொண்டது. சமத்துவத்தின் பெயரால் பிள்ளையை உள்ளே அழைத்து, அதன் மொழியை வெளியே நிறுத்துகிற அரசியல் இது. லண்டன் தமிழர்கள் வார இறுதித் தமிழ் வகுப்புகளைத் தாங்களே நடத்திக்கொள்வதை இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்குது? 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஒலிப்புச் சோதனை. 40 சொற்கள்; அதில் 20 பொருளே இல்லாத பொய்ச்சொற்கள். எழுத்துக்கூட்டி ஒலித்தால் போதும். ஒலிப்பு வேண்டாம்னு யாரும் சொல்லலை. ஆனால் ஆங்கிலம் புதிதான பிள்ளைக்கு எது மெய்ச்சொல், எது பொய்ச்சொல்? நாற்பதும் ஒண்ணுதான். அது தேறியும்விடலாம். பொருள் புரியாதது அந்தத் தாளில் தெரியவே தெரியாது.

பேச்சு ஆங்கிலம் வேறு, பாட ஆங்கிலம் வேறு என்று 1979லேயே பிரித்துக் காட்டினார் ஜிம் கம்மின்ஸ். முன்னது ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பின்னதுக்கு ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும். ஒரு மொழியில் பிடிபட்ட கருத்து மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் வாதம். தண்ணீர் ஆவியாவதை அம்மாவோடு தமிழில் பேசிப் புரிந்துகொண்ட பிள்ளை, ஆங்கிலத்தில் அதற்கான சொல்லைக் கற்றால் போதும்.

எனவே இருமொழிப் புத்தகங்கள், பாடத்துக்கு முன் வீட்டு மொழியில் ஒரு பேச்சு, ஒரே மொழிப் பிள்ளைகள் வகுப்புக்குள் தங்கள் மொழியில் விவாதிக்க இடம் — இவை சலுகைகள் அல்ல, வாசிப்பின் பகுதிகள். தாய்மொழி என்றதும் நாம் பண்பாடு, பெருமை என்று கிளம்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது, வாசிக்கிறது புரியணும். அதற்குத்தான் அதன் மொழி வகுப்புக்குள் வர வேண்டும்.