தவிற்சொல்லும் 128 கிலோபிற்றும்

எம்.பி.3 ஒலிச்சுருக்க முறைக்கு உரைகல்லாக ஐரோப்பிய நிபுணர்கள் பாடகி சுசான் வேகாவின் தனிக்குரலையும் காஸ்டனெற் கட்டைகளின் தட்டலையும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் யாழ்ப்பாணத்து உடுவில், இணுவில் பக்கத்து ரசிகர் ஒருவர் அந்தச் சபையில் இருந்திருப்பாராயின், அவர் தவிலையே, அதிலும் 1933இல் இணுவிலில் பிறந்து 1975இல் அகாலத்தில் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையே முன்வைத்திருப்பார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

துரித காலத்திலும் சொல்லும் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வலந்தலையில் கூடணிந்த விரல்கள் எழுப்பும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னே ஓர் அணுப்பிரமாணமான மௌனத்தை விட்டுவைத்து, தொப்பியில் விழும் கழியின் கனத்த நாதத்தை அந்த மௌனத்தின்மேல் நிறுத்திக் காட்டியதே அம்மகாவித்துவானின் வாசிப்பில் நான் தீராமல் ரசிக்கும் அம்சம். வேகத்தை வியப்பவர் பலர். எனக்கோ வேகத்தினூடே கெடாத அந்த இடைவெளியே பெரிது. விநாடிக்கு 128 கிலோபிற் எம்.பி.3 முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

காரணம் சூக்ஷ்மமானது. இறுவட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிற்றாக இருப்பதைப் பதினொன்றில் ஒரு பங்காக்கும்போது எழும் பிழையோசை, அடி விழுந்த கணத்தில் மட்டும் நில்லாமல், குறியாக்கி ஒன்றாகக் கையாளும் அந்த ஒலித்துண்டம் முழுவதிலும் பரவிவிடுகிறது. அடிக்குப் பின்னே வரும் மாசை நம் செவி நெடுநேரம் பொறுக்கும். முன்னே வருவதையோ சில மில்லிவிநாடிகளுக்குமேல் பொறாது. ஆகவே சொல் பிறக்குமுன்பே அதன் நிழல் சரசரவென்று கேட்டுவிடுகிறது. துண்டத்தை 576 மாதிரியிலிருந்து 192ஆகக் குறுக்கி இதைத் தடுக்கலாமெனினும், அதற்கு அதிக பிற்றுகள் வேண்டும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையோ நெடுந்துண்டத்தையே விரும்பும். இரண்டும் ஒருங்கே முழங்கும் மேளச்சமாவில் 128 எவருக்கென்று இரங்கும்? போதாக்குறைக்குத் தாளத்தின் கணீரென்ற ஒலியும் நீரில் அலம்பியதுபோல் ஆகிவிடுகிறது.

“தட்சிணாமூர்த்தியுடையவை இரைச்சல் மிகுந்த பழைய நாடாப் பதிவுகள்தாமே, அவற்றுக்கு 320 கிலோபிற் எதற்கு?” என்று கேட்கும் அன்பர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு மென்மையான வழக்கு உண்டு. இறுவட்டு கடைக்கு வந்த 1982ஆம் ஆண்டுக்கு ஏழாண்டுகள் முன்பே மறைந்த கலைஞர் விட்டுச்சென்ற ஒலி பெரும்பாலும் நாடாவிலேயே தங்கியிருக்கிறது, மெய்தான். ஆயினும் ஒழுங்கற்ற நாடா இரைச்சலே சுருக்குவதற்கு மிகக் கடினமான ஒலி. குறியாக்கி தன் பிற்றுகளை அந்த இரைச்சலைப் போஷிக்கவே செலவிட்டுத் தவிலைப் பட்டினி போடுகிறது. பழைய பதிவுக்கே தாராளம் அதிகம் வேண்டும். மறுபுறம், நல்ல குறியாக்கியால் செய்த 320ஐயும் சுருக்காத மூலத்தையும் எப்போதும் பிரித்தறிவேன் என்று சாதிப்பவர்களுடனும் நான் உடன்படுவதில்லை. எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கச்செய்தால், பழகிய காதுகளும் பெரும்பாலும் தடுமாறும்.

வருத்தமெல்லாம் இன்றைய அசிரத்தையைப் பற்றியது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என முன்பு வழங்கிய நிறுவனத்தின் நிழலில், பரம்பரைபரம்பரையாக மேளம் கேட்டு வளர்ந்த இப்பிரதேசத்திலேயே, கசற்றிலிருந்து ஒருமுறை 128இல் எடுத்து, கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்புகையில் மேலும் சுருங்கி, பின் எவரோ 320 என்று மாற்றிப் பெயரிட்ட கோப்புகளே ‘தட்சிணாமூர்த்தி தனி’ என்று உலாவுகின்றன. எண் பெருகினால் இழந்த சொல் மீளுமா? அதைக் கேட்டு வளரும் இளம் தவில்காரர், கலங்கிய அந்த ஒலியே பாணி என்று எண்ணிவிடக்கூடும் என்பதே என் அச்சம். சுருள்நாடா ஒன்று எவர் வீட்டிலேனும் எஞ்சியிருக்குமாயின், அதைக் கழித்துவிடாமல், பூஞ்சணம் பற்றுமுன் ஓடவிட்டு, சுருக்காத முழுப்பதிவாக ஒரு பிரதி எடுத்துவைத்து, கைப்பேசிக்கு வேண்டிய 256ஐயோ 320ஐயோ அந்தப் பிரதியிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.