மைதானத்துக்கு விளக்கு கேட்டவன்

துப்பு சொல்ல வந்தவனிடம், பதிலுக்கு என்ன வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் கேட்கிறார்கள். பேச்சு நடப்பது சான் டியாகோவில், ஒரு நீச்சல்குளத்துக்குள். உடம்பில் யாரும் எதையும் ஒளித்துவைக்க முடியாத இடம். பணம் கேட்பான் என்று பார்த்தால், திஹுவானாவில் தன் பகுதிப் பூங்காவுக்கு மின்விளக்கு கேட்கிறான். இருட்டிய பிறகும் பிள்ளைகள் பேஸ்பால் ஆடலாம். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை போதைக் கும்பல் பக்கம் போகாது.

ஸ்டீவன் சோடர்பர்க் இயக்கி 2000-இல் வந்த ‘டிராஃபிக்’ படத்தின் ஹாவியர் அவன். அந்த மெக்சிகோ போலீஸ்காரனாக பெனிசியோ டெல் டோரோ நடித்ததை, பெரிய இன்னிங்ஸ் ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுபோல் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய பலம் தாமதம். பந்து எழும்பித் திரும்பி, கண்ணுக்குக் கீழே வரும்வரை பொறுத்திருந்து தட்டிவிடுகிற பேட்ஸ்மேன்கள் உண்டல்லவா, அந்த ரகம். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் ஒரு கணம் சும்மா இருப்பார். அந்தக் கணத்தில் நாம் அவர் முகத்தை விட்டு நகர முடியாது.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் ஹாவியரும் கூட்டாளி மனோலோவும் போதைச் சரக்கைப் பிடிக்கிறார்கள். வழியில் மறிக்கும் ஜெனரல் சலஸார், பாராட்டிவிட்டுச் சரக்கைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறார். கோபம் வெடிக்க வேண்டிய இடம். டெல் டோரோ வெடிக்கவில்லை. கனத்த இமைகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுவது மட்டும் தெரிகிறது. இந்த ஜெனரல் உண்மையில் போட்டிக் கும்பலுக்காக வேலை செய்கிறவர் என்பது பிறகுதான் தெரியவரும். கற்பனை என்று தள்ளிவிட முடியாது: மெக்சிகோவின் போதை ஒழிப்புத் தலைவராக இருந்த ஜெனரல் குட்டியெரெஸ் ரெபோயோ, கடத்தல் கும்பலோடு தொடர்பு வைத்திருந்ததற்காக 1997-இல் கைதானார்.

சலஸாரைப் பற்றிய இந்தத் தகவலை விற்கப் பார்த்த மனோலோ, ஹாவியரின் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறான். அதன்பிறகு டெல் டோரோவின் நடையே மாறிவிடுகிறது. தோள்கள் இறங்கிவிடுகின்றன, குரல் இன்னும் தாழ்கிறது.

படத்தின்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மெக்சிகோ காட்சிகள் முழுவதற்கும் சோடர்பர்க் வெந்த மஞ்சள் நிறம் பூசியிருக்கிறார். ஒரு நாடே காய்ச்சலில் கிடப்பதுபோல் இருக்கிறது. அந்த மஞ்சளுக்குள்ளும் ஒரு மனிதனை முழுசாகக் காட்டியது இந்த நடிகர்தான், அதுவும் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசி. ஆஸ்கர் அவருக்குத் துணை நடிகர் விருது கொடுத்தது. திரை நடிகர்கள் சங்கம் முதன்மை நடிகர் விருதே கொடுத்தது. என் ஓட்டு சங்கத்துக்கு.

கடைசிக் காட்சி இரவு. கேட்ட விளக்குகள் எரிகின்றன, பையன்கள் ஆடுகிறார்கள், ஹாவியர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருக்கிறான். விளையாட்டைப் பற்றி எழுதியே பிழைக்கிறவன் நான். அந்தக் காட்சியில் மட்டும் ஒருமுறைகூடப் பந்தைப் பின்தொடர்ந்ததில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.