ஸ்பானியமும் போர்த்துக்கேயமும்: பள்ளிகளும் தரமும்

நம் வட்டத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் நாம் படித்த ஸ்பானிய, போர்த்துக்கேயப் படிப்பின் மரபைப் பற்றி எழுதும்படி தலைவர் ஐயா தனியாகவும் தொலைபேசியில் சொன்னார். ஐயா சொன்னால் மறுப்பது எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லை. நான்கு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்ன பதிப்பாசிரியர் தம்பி மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லிவர்பூலின் கில்மர் இருக்கை எது, லண்டன் கிங்ஸ் கல்லூரியின் செர்வாந்தேஸ் இருக்கை எது என்று நம் வட்டத்தில் விளக்கத் தொடங்கினால் மூத்தவர்கள் சிரிப்பார்கள். யார் யாரிடம் படித்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே முழு வரலாறு எழுதப்போவதில்லை. எந்தப் பள்ளி எதைத் தரம் என்று கொண்டது என்பதை மட்டும் தொட்டுப் போகிறேன். என் பள்ளியைப் பற்றிக் கூடுதலாகத்தான் எழுதுவேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

லிவர்பூலுக்குத்தான் முதல் மரியாதை. 1908இல் நிறுவிய கில்மர் இருக்கையில் முதலில் அமர்ந்தவர் பிட்ஸ்மோரிஸ்-கெலி என்றாலும், லிவர்பூல் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அலிசன் பீர்ஸ். 1922 முதல் 1952இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1923இல் அவர் தொடங்கிய புலெட்டின் ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. புனித தெரேசாவையும் சிலுவையின் யோவானையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர், அதே கையால் பள்ளிக்கூடங்களில் ஸ்பானியம் நுழைய வேண்டும் என்று வாதாடியும் எழுதினார். 1943இல் புரூஸ் ட்ரஸ்கட் என்ற புனைபெயரில் ‘ரெட்பிரிக் யுனிவர்சிட்டி’ எழுதி, ஆராய்ச்சி எதுவும் செய்யாமலே காலம் தள்ளும் பேராசிரியர்களை ஒரு பிடி பிடித்தார். ட்ரஸ்கட் யார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பீர்ஸின் ரொமான்டிக் இயக்க வரலாறு இரண்டு பாகமும் வெறும் பட்டியல் என்று எங்கள் பக்கத்தில் கேலி செய்வோம். அந்தப் பட்டியலைப் போட ஆள் இல்லாமல் இருந்திருந்தால் பிறகு வந்தவர்கள் எதன் மேல் நின்று விமர்சனம் எழுதியிருப்பார்கள் என்பது வேறு விடயம்.

ஒக்ஸ்போர்டில் 13ஆம் அல்ஃபோன்சோ மன்னர் பெயரிலான இருக்கை 1927இல் வந்தது. முதலில் மதரியாகா. அவருக்கு ராஜதந்திரம்தான் முதல் தொழில். பிறகு என்ட்விஸில், 1953இலிருந்து பீட்டர் ரசல். போர்க்காலத்தில் உளவுத்துறையில் பணிபுரிந்தவர் ரசல். ஹவியர் மரியாஸின் நாவலில் வரும் சேர் பீட்டர் வீலர் அவரை வைத்து எழுதிய பாத்திரம்தான் என்பது தெரிந்த கதை. 1969இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, தோன் கிஹோத்தே முதலில் ஒரு சிரிப்புப் புத்தகம் என்று நினைவூட்டி, சோகவீரனைக் கண்டு உருகிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது. ஒக்ஸ்போர்ட் பள்ளியின் தரம் இதுதான்: பழைய நூலை அது எழுதப்பட்ட காலத்து வாசகர்களின் கண்ணால் படி, உன் காலத்து உருக்கத்தை அதன் மேல் ஏற்றாதே.

ஸ்பானிய நாடகத்துக்கு வந்தால் பார்க்கர் பள்ளி. மொன்ரவிடேயோவில் பிறந்த பார்க்கர், கிங்ஸில் செர்வாந்தேஸ் இருக்கையில் இருந்த காலத்தில், 1957இல் வெளியிட்ட சிறு நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். பாத்திரத்தைவிடச் செயலே முதன்மை, செயலைவிடக் கருவே முதன்மை என்று தொடங்கும் அந்த விதிகளை ஒருகாலத்தில் மாணவர்கள் கந்தசஷ்டி கவசம் போல ஒப்புவித்தார்கள். அவருக்கு முன் அதே இருக்கையில் இருந்து 1953இல் கேம்பிறிட்ஜுக்குப் போன வில்சன், நாடகாசிரியர் கல்தெரோனின் உவமைகளில் நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு பூதங்கள் எப்படி ஓடுகின்றன என்று 1936இலேயே காட்டியவர். இந்தப் பள்ளியில் எனக்கு ஒரு குறை உண்டு. நாடகம் மேடையில் நடந்தது, அதைப் பார்க்கக் காசு கொடுத்து ஆட்கள் வந்தார்கள் என்பதையே இவர்கள் மறந்துபோனார்கள். லண்டன் வெஸ்ட்பீல்ட் கல்லூரியில் இருந்த வாரே, மத்ரித் கொட்டகைகளின் கணக்குப் பத்திரங்களைத் தோண்டி எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார். அதே வெஸ்ட்பீல்டில் மத்தியகால இலக்கியத்துக்கு டெயர்மண்ட் நடத்திய ஆய்வரங்கு அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கியது. அங்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள்.

லத்தீன் அமெரிக்கப் படிப்பை நான் ஒரு பத்தியில் தாண்டுவதற்கு இளையவர்கள் கோபிப்பார்கள். 1965இன் பரி அறிக்கைக்குப் பிறகு கேம்பிறிட்ஜ், கிளாஸ்கோ, லிவர்பூல், லண்டன், ஒக்ஸ்போர்ட் ஆகிய ஐந்து இடங்களில் நிலையங்கள் வந்தன. எசெக்ஸில் ஜீன் பிராங்கோ இருந்தார். நல்ல காலம் அது. அதை எழுதத் தகுதியானவர்கள் இதே மலரில் எழுதுகிறார்கள்.

இனி எங்கள் பள்ளி. கிங்ஸில் போர்த்துக்கேயத்துக்கான கமோய்ஷ் இருக்கை 1919இல் தொடங்கியது. செர்வாந்தேஸ் இருக்கைக்கு மூன்று ஆண்டு இளையது. அந்த மூன்று ஆண்டு இடைவெளியை ஸ்பானியக்காரர்கள் இன்றுவரை நமக்கு நினைவுபடுத்தத் தவறுவதில்லை! 1923 முதல் 1936 வரை அங்கே இருந்த எட்கர் பிரெஸ்ரேஜ் லிஸ்பனில் பெண் எடுத்தவர். அந்த நகரத்தின் சுவடிக்கூடங்களை வீடாகவே கொண்டவர். அவருக்குச் சில காலம் பின்னால், 1947இல் வந்தார் சார்ள்ஸ் பொக்ஸர்.

பொக்ஸரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆசிரியை ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். பொக்ஸர் படித்து ஒரு பட்டமும் பெறாத பேராசிரியர், இராணுவ அதிகாரி. ஹொங்கொங் வீழ்ந்த 1941 டிசம்பரில் காயப்பட்டு, இடது கையின் பயனை இழந்து, யப்பானியரின் சிறைமுகாமில் போர்க்காலத்தைக் கழித்தவர். போர்த்துக்கேயம், டச்சு, யப்பானியம் மூன்றிலும் மூல ஆவணம் படிப்பார். 1963இல் அவர் வெளியிட்ட நூல், போர்த்துக்கேயப் பேரரசில் நிறவேற்றுமையே இருந்ததில்லை என்ற சலசார் அரசின் பிரசாரத்தை ஆவணம் ஆவணமாக உடைத்தது. லிஸ்பனில் அவருக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் அத்தோடு வசவாக மாறியது. அவர் அசரவில்லை. மூலத்தைப் படி, படித்ததை எழுது, யார் முகம் சுளித்தாலும் மாற்றாதே: எங்கள் பள்ளியின் தரம் இவ்வளவுதான். 1982 முதல் 2004 வரை அந்த இருக்கையில் இருந்த எல்டர் மசேடு கவிஞர், நாவலாசிரியர், 1979இல் சிறிது காலம் போர்த்துக்கல் அரசில் கலாசாரத்துக்கான செயலராக இருந்தவர். ஆவணத்தோடு கவிதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் காலத்தில் வந்தது.

நான் எண்பதுகளில் படித்தேன். எனக்கு மொழி தந்தவர் இந்தப் பெரிய பெயர்களில் ஒருவருமல்ல. லிஸ்பனிலிருந்து விரிவுரையாளராக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓர் அம்மா. பெயர் போடுவதை அவர் விரும்பமாட்டார். கிழமைக்கு ஒருமுறை காலையில் சொல்வதை எழுதுதல் நடத்துவார். நாவலாசிரியர் எஸ்ஸ டி கெய்ரோஷின் ஒரு பத்தி. முதல் தடவை முழுதாக, இரண்டாம் தடவை துண்டு துண்டாக, மூன்றாம் தடவை மறுபடி முழுதாக. நான்காம் தடவை என்று அவர் அகராதியில் இல்லை. லிஸ்பன்காரர்கள் உயிரெழுத்தை விழுங்கும் விழுங்கலில் பாதிச் சொல் காதில் விழாது. விழாத இடத்தை இலக்கணம் கொண்டு நிரப்ப வேண்டும். இங்கே வினைக்கு ஆள்விகுதி ஏற்ற இன்ஃபினிட்டிவ் வந்திருக்க வேண்டும், அங்கே எதிர்கால சப்ஜங்டிவ் வந்திருக்க வேண்டும் என்று ஊகித்து எழுதுவோம். ஒரு அசைக்குறி தவறினால் அரைப் புள்ளி போகும். கழிவு புள்ளிகளைத் தாண்டிப் போனாலும் அவர் பூச்சியத்தில் நிறுத்தமாட்டார். கழித்தல் குறி போட்டே திருப்பித் தருவார். ஸ்பானியம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அதிகம் கழியும், அவர்கள் காது ஸ்பானியத்தைக் கேட்டுப் போர்த்துக்கேயத்தை எழுதும் என்பதால். அவரிடம் தப்பி வந்தவர்கள் லிஸ்பனில் எந்த அலுவலகத்துக்கும் பயமில்லாமல் போகலாம்.

இன்றைய நிலை பற்றிச் சொல்வதானால், யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. படிப்பிக்கிற இளையவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். திரைப்படம், இசை, குடிபெயர்வு, பெண்ணெழுத்து என்று எங்கள் காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காத பரப்புகளை அவர்கள் தொடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சொல்வதை எழுதுதல் எங்கே போயிற்று?

சில பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தேன். கேட்டல் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. காணொளியைப் பார்த்து நான்கு விடைகளில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டும் சரியாகப் போடலாமே! ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கேயத்துக்கு மொழிபெயர்ப்பதும் பல இடங்களில் சுருங்கிப் போயிற்று, மாணவர்களின் மனம் நோகுமாம். எங்கள் மனம் நோகாமலா இருந்தது? இன்னொன்று, ஸ்பானியம் அறிந்தோருக்கான விரைவுப் போர்த்துக்கேயம். ஒரு தவணையில் முடிந்துவிடும். முடித்து வருபவர்கள் பேசுவது இரண்டுமல்லாத போர்த்துஞோல். அண்மையில் ஒரு விழாவில், இடம் வேண்டாம், கமோய்ஷின் ஒரு சொனெட்டை ஒருவர் ஸ்பெயினின் வல்லியதோலித் உச்சரிப்பில் மேடையில் வாசித்தார். சபை கைதட்டியது. நான் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

2004இல் இங்கிலாந்தில் பதினான்கு வயதுக்கு மேல் பிறமொழி கட்டாயமில்லை என்று ஆக்கியதால்தான் துறைகள் மெலிந்தன என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே நாட்டில் 2019இல் ஏ-லெவல் சோதனைக்கு ஸ்பானியம் எடுத்தவர்கள் பிரெஞ்சு எடுத்தவர்களை முந்தினார்களே, அவர்களில் எத்தனை பேரை நாம் போர்த்துக்கேயத்துக்கு இழுத்தோம்? பிரெக்சிட் வந்து எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் போயிற்று, ட்யூரிங் திட்டம் வந்தது, வெளிநாட்டு ஆண்டு கெட்டது என்கிறார்கள். அதுவும் இருக்கலாம். காசில்லை என்கிறார்கள். அது எப்போதும் இருப்பது. என் கணிப்பில் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. காதால் கேட்டுக் கையால் எழுதத் தெரியாத மாணவருக்கு மொழி பிடிபடாது. பிடிபடாததில் ஆசை வராது, ஆசையில்லாதவர் அடுத்த ஆண்டுக்குத் தொடரமாட்டார், ஆள் குறைந்தால் துணைவேந்தர் கணக்கைப் பார்ப்பார், துறைக்குப் பூட்டு விழும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சொல்வதை எழுதுதல் இருந்திருந்தால் இத்தனை பூட்டுகள் விழுந்திருக்குமா என்பதைப் பெரியவர்கள் சிந்திக்க வேண்டும். மொழிபெயர்ப்புகளின் தரம், கருத்தரங்குகளில் கேள்வி கேட்போரின் தரம், ஏன், அடிக்குறிப்புகளின் தரம்கூட இதோடு சேர்ந்தே இறங்கியது என்பேன்.

நமக்கு, தமிழருக்கு, இது வெறும் ரசனைப் பிரச்சினையுமல்ல. யாழ்ப்பாணம் 1619இல் பிலிப்பே டி ஒலிவேராவிடம் வீழ்ந்து 1658 வரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. அந்தக் காலத்தின் கடிதங்கள் லிஸ்பனிலும் கோவாவிலும் அவர்கள் மொழியில் கிடக்கின்றன. கெய்ரோஸ் பாதிரியாரின் இலங்கை வரலாற்றை நாம் இன்னும் 1930இல் வந்த பெரேரா பாதிரியாரின் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். சுவாமி ஞானப்பிரகாசர் போர்த்துக்கேயப் பதிவுகளை வைத்து யாழ்ப்பாண வைபவத்தை 1928இல் விமர்சித்தார். தனிநாயகம் அடிகள், 1679இல் அம்பழக்காட்டில் அச்சான புரோவென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் பிரதியிலிருந்து 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தார். அவர்களுக்குப் பின் அந்தக் கையெழுத்துகளைப் படிக்க நம்மில் எத்தனை பேர்? பதினேழாம் நூற்றாண்டுக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி சொல்லை எழுதிவைத்தவர். நம் ஊர்ப்பெயர்களை எப்படிக் கேட்டார், எப்படி எழுதினார் என்பதைப் பிரித்தறியக் காது பழகியிருக்க வேண்டும்.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நடக்கும் கட்டுரைப் போட்டியோடு போர்த்துக்கேயத்தில் சொல்வதை எழுதுதலுக்கும் ஒரு பரிசை இந்த வெள்ளிவிழா ஆண்டிலிருந்து வைக்க வேண்டும். வாசிப்பவர் லிஸ்பனைச் சேர்ந்தவராக இருக்கட்டும், பிரேசில் உச்சரிப்புக்கு வேண்டுமானால் பிறகு தனிப் பிரிவு வைக்கலாம். மூன்று தடவைக்கு மேல் வாசிக்கக் கூடாது. முதல் ஆண்டுப் பரிசுத் தொகையை நான் தருகிறேன். காசோலையைப் பொருளாளரிடம் ஏற்கனவே கொடுத்தாயிற்று.