படைத்தவன் பெயரால் ஒரு தீர்ப்பு

நீதிமன்றத் தீர்ப்பை இலக்கியத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது நம்மிடையே வழக்கமன்று. ஆயினும் இறைவனின் நாட்டத்தைத் தான் அறிந்துகொண்டதாக ஓர் எழுத்து உரிமை கொண்டாடுமாயின், தஃப்ஸீர் ஓதியவன் அதனைப் படித்துவிட்டு வாளா இருத்தல் இயலாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெள்ளையரும் பிற இனத்தாரும் மணந்துகொள்வதைக் குற்றமாக்கியிருந்தது. அம்மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பினமும் செவ்விந்தியமும் கலந்த வழியினர். 1958 ஜூனில் வாஷிங்டன் நகரில் மணமுடித்து ஊர் திரும்பினர். அடுத்த மாதமே ஒரு நள்ளிரவில் காவலர் படுக்கையறையில் புகுந்தனர். சுவரில் மாட்டியிருந்த மணச்சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. 1959இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அம்மாநிலத்துள் வராதிருப்பின் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றனர்.

அதனை நீக்க மறுத்து 1965இல் நீதிபதி லியோன் பசீல் எழுதியதே ஈண்டு நம் ஆய்வுக்குரியது. இறைவன் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தான். அவ்வேற்பாட்டில் குறுக்கீடு இல்லையேல் இத்தகைய மணங்களுக்கே இடமிராது. பிரித்து வைத்ததே அவர்கள் கலப்பதை அவன் நாடவில்லை என்பதற்குச் சான்று. இது அவர் வாதம்.

குறுக்கீடு என்றாரே, குறுக்கிட்டவர் யார்? அதைமட்டும் அவர் எழுதவில்லை. ஆப்பிரிக்கரை விலங்கிட்டுக் கப்பலேற்றிக் கொணர்ந்த கைகள் எவருடையவை? கண்டமே வேலியென்றால், வெள்ளையரான நீதிபதிக்கு வர்ஜீனியாவில் என்ன வேலை? செவ்விந்தியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மலாய் இனத்தையும் ஒதுக்கி வைத்தாரே! நம் கடற்கரையூர் வணிகர் பினாங்கில் மலாய்ப் பெண்டிரை நிக்காஹ் செய்து வாழ்ந்ததும், அவர்தம் வழியினர் ஜாவி பெரானாக்கான் எனப் பெயர் பெற்றதும் நம் குடும்பங்கள் அறிந்த செய்தி. அவர்களை எந்தக் கண்டத்தில் குடியேற்றுவது?

திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மக்கள் பல இனத்தாராகவும் குலத்தாராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று காரணம் காட்டுகிறது. அதே வேற்றுமையைக் கண்ட நீதிபதியோ அதைப் பூட்டென்று படித்தார். அவரை மட்டும் நகைப்பதும் நேர்மையாகாது. நம் ஃபிக்ஹு கிதாபுகளிலும் மணப்பொருத்தம் பேசும் கஃபாஅத் பாடத்தில் குலம் இடம்பெறுகிறது. மணமகளும் வலியும் இசைந்தால் விட்டுக்கொடுக்கத்தக்க உரிமையே அது என்று அறிஞர் பெரும்பாலோர் எழுதியிருக்க, மார்க்கம் இட்ட தடையே போல அதைப் பேசுவோர் நம்மிலும் உளர்.

பசீலின் தீர்ப்புக்கு எதிரே நான் வைக்க விரும்பும் எழுத்து, 1963இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியத்துக்கு (ACLU) மில்ட்ரெட் எழுதிய சிறு மடல். அதில் இறையியல் இல்லை, அறைகூவலும் இல்லை. அங்கே வாழ முடியாது என்று தெரியும், எப்போதாவது உற்றாரைக் கண்டுவர விரும்புகிறோம், குழந்தைகள் மூவர், வழக்கறிஞருக்குப் பணமில்லை. இவ்வளவே. அம்மடலிலிருந்து கிளர்ந்த வழக்கில் 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தை வீழ்த்தியது. வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்புமணத்தை மட்டுமே அது தடுத்ததைத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் சுட்டிக்காட்டினார். கறுப்பரும் மலாயரும் மணந்தால் வர்ஜீனியாவுக்குக் கவலையில்லை!

2007இல், தீர்ப்பின் 40ஆம் ஆண்டில், மில்ட்ரெட் ஓர் அறிக்கை விடுத்தார். சிலருடைய சமய நம்பிக்கையைப் பிறர்மீது சுமத்துவது அரசின் வேலையன்று என்றும், ஒரே பாலினத்தார்க்கும் மண உரிமை வேண்டும் என்றும் அதில் சொன்னார். 2015இல் அவ்வுரிமையை வழங்கிய தீர்ப்பும் லவ்விங் வழக்கை எடுத்தாண்டது. நிக்காஹ் இன்னதென்பதை நாம் நம் கிதாபுகளிலிருந்தே பெறுகிறோம். அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால், சிறுபான்மையினராகிய நம் மணமுறையைப் பெரும்பான்மையோர் சமயம் ஆளலாகாதென்று மேடைதோறும் வாதிடும் நாம், அவ்வம்மையார் சொன்னதில் நமக்கு உதவும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்தெறியலாமா? எனக்குக் கை வரவில்லை.