சக்தி குழுவின் 1975 கச்சேரி: தாளம் முன்வரிசைக்கு வந்தபோது

சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு ஒரு கச்சேரியின் நேரடிப் பதிவு. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அக்கச்சேரி நடந்தது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாடு வி. ராகவன் மிருதங்கம், டி.எச். விநாயக்ராம் கடம் என ஐவர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தனர். தட்டில் மூன்றே உருப்படிகள். மொத்தம் சுமார் 52 நிமிடம். ‘ஃப்யூஷன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கும் மயிலாப்பூர் ரசிகரின் சுளிப்பில் பாதி நியாயம் உண்டு. அந்த ரசிகரே கேட்க வேண்டிய பதிவு இது.

காரணம் தனி ஆவர்த்தனம். மயிலாப்பூரிலோ தி. நகரிலோ மார்கழிக் கச்சேரிக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. பிரதான உருப்படி முடிந்து பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துக் கைகாட்டுவார். அந்தக் கணத்தில் அரங்கில் நாற்காலிகள் சத்தமிடத் தொடங்கும். ஒரு பகுதியினர் கேன்டீனுக்கு, ஒரு பகுதியினர் வீட்டுக்கு. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கி நின்ற கலைஞர்கள், தமக்கென்று கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களை வெளியேறும் முதுகுகளைப் பார்த்தபடி வாசிக்கிறார்கள். அதிலும் உபபக்கவாத்தியமான கடத்துக்குக் கிடைப்பது மிருதங்கம் விட்டுக்கொடுக்கும் நேரம் மட்டுமே.

இது தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். மேடையிலேயே நீளமாகக் கற்பனை செய்து வாசிக்கும் குழுக்களை அமெரிக்காவில் ‘ஜாம் பேண்ட்’ என்பார்கள். 1965ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் அவற்றின் முன்னோடி. அதன் ரசிகர்கள் கச்சேரிகளை ஒலிநாடாவில் பதிந்து, ஒரே பாட்டு ஊருக்கு ஊர் எப்படி மாறியது என்று விவாதித்தவர்கள். ஒரே வித்வானின் தோடியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் சபா ரசிகருக்கு நெருங்கிய உறவினர்கள்தான். ஆனால் அக்குழுவின் கச்சேரியில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் பகுதி வந்ததும் அவர்களிலும் பலர் எழுந்து வெளியே போவார்கள்!

சவுத்தாம்ப்டன் பதிவில் அப்படி எழுந்து போக இடமே இல்லை. தாளத்துக்கென்று தனியாக ஒதுக்கிய நேரமாக இல்லாமல், உருப்படி முழுவதும் அது பரவிக்கிடக்கிறது. கிதாரும் வயலினும் மாறி மாறி வாசிக்கையில் மிருதங்கமும் கடமும் தபலாவும் பின்னால் நின்று எண்ணிக்கை காப்பதில்லை. ஒரு சொற்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கின்றன, சில இடங்களில் வம்புக்கும் இழுக்கின்றன. விநாயக்ராமின் கடம் இதில் அபாரம். பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அவர் எழுப்பும் கும்கி, சபாவின் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் காணாமல் போகும் நாதம். இங்கே அது முன்வரிசையில் நிற்கிறது. 1966ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கடம் வாசித்தவரும் இவரே. அங்கே அடக்கம் அழகு. இங்கே அதே விரல்களின் வேகம் அழகு.

இனி குறைகள். முதல் உருப்படியான ‘ஜாய்’ உச்சத்திலிருந்தே தொடங்குகிறது. கிதாரும் வயலினும் சேர்ந்து பாய்கின்றன. பதினெட்டு நிமிடம் அந்தப் பாய்ச்சல் தணிவது குறைவு. காலப்பிரமாணத்தை விளம்பத்திலிருந்து வளர்த்துக் கேட்டவருக்கு, இலை போட்டதுமே பாயசத்தை ஊற்றியதுபோல் இருக்கும். மெக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அந்தப் பயிற்சி அவருடைய சொற்கட்டுகளில் தெரிகிறது, கமகத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. சங்கரின் வில் ஒரு ஸ்வரத்தை அசைத்து அடுத்ததற்குச் சரிகிறது. கிதார் அதே பாதையைப் படிப்படியாக ஏறுகிறது. ராகம் கேட்க வந்தவருக்கு அவ்விடங்களில் ஸ்வர வரிசைதான் கிடைக்கிறது. சாகித்யம் இல்லாததால் நிரவலின் சுகமும் இல்லை. முகம் சுளிப்பவர்களின் பாதி நியாயம் இதுதான்.

‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அமைதியானது, இனிமையானது, கச்சேரியில் ஒரு துக்கடாவின் வேலையைச் செய்கிறது.

தட்டின் உயிர் மூன்றாவது உருப்படியில் இருக்கிறது. ‘வாட் நீட் ஹேவ் ஐ ஃபார் திஸ்’ என்று தொடங்கி மூச்சுமுட்ட நீளும் பெயர் அதற்கு. பெயருக்கேற்ப வாசிப்பும் 29 நிமிடம். நிதானமான ஆலாபனைபோல் ஆரம்பித்து, தாளம் சேர்ந்து, பிறகு தாள வாத்தியங்களின் உரையாடலாக விரிகிறது. ராகம் தானம் பல்லவி கேட்டவருக்கு இந்த வளர்ச்சி அந்நியமாகத் தோன்றாது. தபலாவின் பேச்சு வேறு, மிருதங்கத்தின் பேச்சு வேறு. இந்துஸ்தானி மரபிலிருந்து வந்தவருக்கும் கர்நாடக மரபிலிருந்து வந்த இருவருக்கும் பொதுவானது எண்ணிக்கை மட்டுமே. அந்தப் பொது நிலத்தில் நின்றுகொண்டு, அடுத்தவர் முடிக்கும்வரை ஒருவர் காத்திருப்பது காதுக்குத் தெரிகிறது. ‘ஜாய்’ உருப்படியில் காணாத பொறுமை இது. அன்றைய கச்சேரியில் வேகத்தைவிட இந்தக் காத்திருத்தலே கடினமான வித்தை.

ராகவன் அடுத்த தட்டுகளில் இல்லை. குழுவும் 1977ல் வந்த மூன்றாவது தட்டுக்குப்பின் கலைந்தது. 1990களின் இறுதியில் அது ‘ரிமெம்பர் சக்தி’ என்று மீண்டபோது மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் சேர்ந்தார், விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். ஸ்ரீனிவாஸ் வந்தபின் ராகத்தின் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனால் முதல் கச்சேரியின் முரட்டுத்தனம் திரும்பவில்லை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், விநாயக்ராமையும் ஜாகிர் உசேனையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய ‘பிளானட் டிரம்’ 1992ல் கிராமி விருது பெற்றது. அதில் பாட்டுக்குப் பக்கவாத்தியம் என்ற ஏற்பாடே கிடையாது, தாளம்தான் கச்சேரி.

சவுத்தாம்ப்டன் தட்டைக் கேட்க விரும்பும் மாணவர்கள் ‘ஜாய்’ உருப்படியைத் தள்ளிவைத்து இரண்டாம் பக்கத்தில் தொடங்கலாம். அந்தப் பக்கம் முழுவதும் மூன்றாவது உருப்படி மட்டும்தான்.