சமத்துவமும் பொறுப்பும்: கார்ல் ரோஜர்ஸின் உளச்சிகிச்சை உறவு குறித்து

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) வகுத்த நபர்மைய உளச்சிகிச்சை, இருபதாம் நூற்றாண்டு உளவியல் சிந்தனையில் ஒரு பெருந்திருப்பம். அவருக்கு முன் கோலோச்சிய உளப்பகுப்பாய்வில் விளக்கம் சொல்பவர் சிகிச்சையாளர். தம் மனத்தின் பொருளை அவர் வாயிலாக அறிந்துகொள்ள வேண்டியவர் நோயாளி. ரோஜர்ஸ் இவ்வுறவைத் தலைகீழாக்கினார். துன்பத்தின் வேரையும் அதிலிருந்து மீளும் திசையையும் அறிந்தவர் உதவி நாடி வந்தவரே. அவ்வறிவு வெளிப்படுவதற்கேற்ற உறவை அமைத்துத் தருவதே சிகிச்சையாளரின் பணி என்றார். இக்கோட்பாட்டின் சிறப்பை ஒப்புக்கொண்டே, அது பேசும் சமத்துவம் எத்துணை உண்மையானது எனும் வினாவை இங்கு ஆராய விரும்புகிறோம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1942இல் வெளியான தம் நூலில் 'நோயாளி' என்பதை விலக்கி, 'கிளையண்ட்' எனும் சொல்லை ரோஜர்ஸ் கையாண்டார். தம் வாழ்வின் பொறுப்பைத் தாமே வைத்துக்கொண்டு உதவியை மட்டும் நாடுபவர் என்பது அவர் கருதிய பொருள். ஆனால் அச்சொல்லின் மூலம் வேறொன்றைச் சொல்கிறது. பண்டைய ரோமாபுரியில் 'கிளியன்ஸ்' எனும் லத்தீன் சொல், செல்வாக்குடைய புரவலரை அண்டி அவர் பாதுகாப்பில் வாழ்ந்தவரையே குறித்தது. சொற்பிறப்பைக் கொண்டு ஒரு கோட்பாட்டைத் தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது. எனினும், பெயர் மாறியதாலேயே உறவின் அமைப்பும் மாறிவிட்டதாகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆளுமை மாற்றத்துக்குத் தேவையானவையும் போதுமானவையுமான நிபந்தனைகள் என ஆறினை ரோஜர்ஸ் வரையறுத்தார். சிகிச்சையாளரின் உள்ளும் புறமும் ஒத்திருத்தல், நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் உணர்வைத் தம் உணர்வுபோல் அறிதல் ஆகிய மூன்றும் யாவரும் எடுத்தாள்பவை. பலர் கவனியாது கடப்பது இரண்டாம் நிபந்தனையை. நாடி வந்தவர் உள்முரண்பாட்டில் தவிப்பவராக, எளிதில் காயப்படக்கூடியவராக அல்லது கவலையுற்றவராக இருக்கிறார் என்கிறது அது. சிகிச்சையாளரோ அவ்வுறவினுள் முரண்பாடின்றி ஒருமைப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்கிறது அடுத்த நிபந்தனை. ஆக, ஏற்றத்தாழ்வு வெளியிலிருந்து நுழைந்த குறையன்று. கோட்பாட்டின் அடித்தளத்திலேயே அது அமைந்துள்ளது.

இதை ரோஜர்ஸின் முகத்துக்கு நேரே சுட்டியவர் யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர். 1957 ஏப்ரல் 18 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மாரிஸ் ஃப்ரீட்மன் நெறிப்படுத்த இருவரும் உரையாடினர். உண்மையான மாற்றம் நிகழும் கணங்களில் தாமும் எதிரிலிருப்பவரும் இரு மனிதர்களாகச் சமநிலையில் சந்திப்பதாக ரோஜர்ஸ் கூறினார். பூபர் இசையவில்லை. உதவி தேடி வந்தவர் அவர். அவரிடம் உதவி தேடி நீங்கள் செல்லவில்லை. நீங்கள் உங்கள் பக்கத்திலும் அவர் பக்கத்திலும் நின்று பார்க்க வல்லவர். அவருக்கோ அது இயலாது. இதுவே பூபர் வாதத்தின் சாரம்.

இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினார்களா என்பதே நம் ஐயம். ரோஜர்ஸ் பேசியது மதிப்பின் சமத்துவத்தை. பூபர் பேசியது நிலையின் சமத்துவத்தை. துன்புறுபவரின் அனுபவம் சிகிச்சையாளரின் அனுபவத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதில் ரோஜர்ஸ் சொல்வதே சரி. ஆனால், ஒருவர் தம் மறைவுகளைத் திறந்து வைக்க மற்றவர் தம்முடையதை மூடி வைத்திருக்கும் அறையில், இருவர் நிலையும் ஒன்றெனச் சொல்வது பொருந்தாது.

இவ்வேறுபாட்டை வெறும் தத்துவச் சர்ச்சையாகக் கருத இயலாமைக்குக் காரணமுண்டு. ரோஜர்ஸின் விஸ்கான்சின் ஆய்வுக்குழுவில் பணியாற்றிய சார்லஸ் ட்ரூவாக்ஸ், ரோஜர்ஸே நடத்திய ஒரு நீண்ட சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, முடிவுகளை 1966இல் வெளியிட்டார். நாடி வந்தவரின் எல்லாக் கூற்றுகளுக்கும் ரோஜர்ஸ் ஒரே அளவில் கனிவும் பரிவும் காட்டவில்லை. சில வகைக் கூற்றுகளுக்குக் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் அவை வெளிப்பட்டன என்பது அவர் கண்டறிந்தது. ஒரே ஒருவரின் சிகிச்சையைக் கொண்டு முழு முறையையும் தீர்மானித்துவிட முடியாதுதான். ஆயினும், நிபந்தனையற்றது எனக் கருதப்பட்ட மதிப்பினுள், அதனை வழங்கியவரும் அறியாத தேர்வு ஒன்று இயங்கியிருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அன்புக்கு ஏங்கி அமர்ந்திருப்பவர், எந்தச் சொல்லுக்குத் தலை அசைகிறது, எந்தச் சொல்லுக்கு மௌனம் வருகிறது என்பதை நுட்பமாகக் கவனிப்பார். நாளடைவில் அதற்கேற்பப் பேசவும் கற்றுக்கொள்வார். சிகிச்சையாளரோ, 'நாம் வழிகாட்டவில்லை, அவரே தம் வழியைக் கண்டார்' என மனநிறைவு கொள்வார். தமக்கு அதிகாரம் இல்லையெனத் தாமே நம்பிவிட்டவர் அதற்குக் கணக்குக் கொடுக்க மாட்டார். எதிரில் இருப்பவருக்கும் அதைப் பெயரிட்டுக் கேட்க வழியிராது. இதுவே நாம் அஞ்சும் ஆபத்து.

அதேவேளை, ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். இக்குறையை ட்ரூவாக்ஸ் கண்டறிய வழி செய்தவரும் ரோஜர்ஸே. நான்கு சுவர்களுக்குள் மறைந்திருந்த உளச்சிகிச்சையை முழுமையாக ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, 1942ஆம் ஆண்டிலேயே அச்சில் வைத்த முன்னோடி அவர். தம் சொற்களைப் பிறர் எடைபோட அனுமதித்த அத்துணிவை, அவர் முன்வைத்த சமத்துவக் கருத்தினும் உயர்ந்ததாக நாம் மதிக்கிறோம்.

தமிழில் இத்துறையினர் 'ஆற்றுப்படுத்துநர்' எனும் சொல்லை ஆள்கின்றனர். ஆற்றுப்படை இலக்கியத்தில் வழி சொல்பவரும் வறுமையறிந்த கலைஞரே. எதிர்ப்பட்டவருக்கு மதிப்பில் இணையானவர். ஆனால் வழியை அவர் அறிவார், மற்றவர் அறியார். அவ்வேறுபாட்டை அவர் மறைப்பதில்லை. அதனாலேயே வழியைத் தெளிவாகச் சொல்லும் கடமை அவருடையதாகிறது. சிகிச்சை அறையிலும் அவ்வாறே. நாடி வந்தவர் ஒப்படைக்கும் மறைவுகள் ஓர் அமானிதம். அமானிதம் பெற்றவர், கொடுத்தவருக்குத் தாம் சமம் என்று சொல்லி அப்பொறுப்பிலிருந்து நீங்கிவிட முடியாது. ரோஜர்ஸின் மூன்று பண்புகளோடு, தம் செல்வாக்கை அறிந்திருத்தல், அதை மற்றவரின் மதிப்பீட்டுக்கு உட்படுத்துதல் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயிலும் சிகிச்சையாளரிடமே இவ்வுறவு பாதுகாப்பானது என்பது நம் முடிபு.