பிரசங்கமும் உரையாடலும்

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் இன்று ஓங்கி நிற்பது உரையாடலே. ஒருவர் வினவ, மற்றவர் விடையிறுக்க, இடையே மூன்றாமவர் நகைக்கப் பொழுது இனிது கழிகின்றது. மேடைப் பேச்சுக்கு இனி இடமுண்டோ என்னும் ஐயம் இதனால் எழுகின்றது. நம் கூட்டங்களைக் கண்டார்க்கு அவ்வையம் வலுப்பெறுதலும் இயல்பே. வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் இடையே சிறப்புரை மூச்சுத் திணறுகின்றது.

ஆயினும், பிரசங்கம் நம்மிடையே வேரூன்றிய வரலாற்றை எண்ணிப் பார்த்தல் தகும். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. அதற்கு முன்னும் கோயில்களிற் புராணபடனம் நிகழ்ந்ததுண்டு. அதில் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வார். சொல்பவர் நூலைக் கடந்து செல்லார். நாவலரோ தாமே தெரிந்தெடுத்த பொருளை, உரைநடையில், எதிரிலிருந்தாரை நோக்கிப் பேசினார். பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றியவராதலின் கிறித்தவப் பிரசங்க முறையை அவர் அருகிருந்து அறிந்திருந்தார். முறை புறத்திலிருந்து வந்தது, பொருள் சைவத்தினது. கள்ளுண்ணாமை, கொல்லாமை, பிறன்மனை நயவாமை ஆகியவற்றை அவர் எடுத்துரைத்தபோது கேட்டிருந்தோர் சைவரே, கடிந்துரைக்கப்பட்டோரும் அவரே.

இங்கேதான் உரையாடலின் எல்லை புலப்படுகின்றது. உரையாடுவோர் எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பறிந்து சொல்லை மாற்றிக்கொள்வர். அது நட்புக்கு வேண்டும் பண்பே. ஆனால், ஊரார் அறிய ஒரு கருத்தை முதலிலிருந்து முடிவுவரை நிறுத்திக் கூறி, அதற்குத் தாமே பொறுப்பேற்றல் மேடைக்கே உரியது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடு அமையாது, அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு வகுத்தமை நோக்கத்தக்கது.

மேடையின் குறைகளும் சிலவல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடுக்குமொழி மேடையைக் கைப்பற்றியது; பேச்சாளர் பலர் கைதட்டலை எண்ணியே சொற்களைக் கோத்தனர். செவி நிறைந்தது, வீடு திரும்பியோர் நெஞ்சிற் பொருள் தங்கவில்லை. கேட்போர் உரையாடலை நாடிச் சென்றமைக்கு இப்பேச்சாளரே பெரிதுங் காரணராவர். நாவலரின் தெளிந்த உரைநடையை அவர்கள் ஊன்றிப் பயின்றிருத்தல் வேண்டும்.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளின் நிலையும் இரங்கத்தக்கதே. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் மனனஞ்செய்து ஒப்பிக்கின்றனர், கையசைவுங்கூடக் கற்பிக்கப்பட்டதே. பேசி முடித்த மாணவனை அவையோர் இரண்டு வினாக்களேனும் வினவும் வழக்கம் ஏற்படுமாயின், தன் சொல்லுக்குத் தானே விடைகூற அவன் ஆயத்தனாதல் வேண்டும். மனனம் அங்கே உதவாது.